பெரியவரின் தேயாத டயர்கள்

பெரியவர் தம் அறுபத்தொன்றாவது வயதில் பதினேழாவது பந்தயத்தை வென்றபோது, அவருடைய காரின் நான்கு டயர்களும் புறப்படும்போது இருந்ததைவிட மூன்று மில்லிமீட்டர் தடித்துத் திரும்பி வந்தன. அதிகாரிகள் இரண்டு தடவை அளந்தார்கள். ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வெறும் ரப்பர்தான் என்று பதில் வந்தது. டயர் எவ்வளவு தேயலாம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் மூன்று பக்கம் இருந்தது, வளரக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த பேரன் வயதுக்காரர்கள் மேடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த டயர்களைப் போர்வை சுற்றிச் சூடேற்றி, காற்றழுத்தம் பார்த்து மாட்டியவர் பெரியவரின் மைத்துனர், மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் இருவரும் ஒரே அணியில் ஓட்டினார்கள். தம்பிதான் வேகம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தம்பிக்கு முப்பத்தாறும் பெரியவருக்கு முப்பத்தொன்பதும் ஆனபோது, இது இனிச் சின்னப் பையன்கள் விளையாட்டு, மரியாதையாக ஒரே நாளில் விலகிவிடுவோம் என்று சாப்பாட்டு மேசையில் பேசி வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் முன்னால் தம்பி முதலில் பேசினார், கண் கலங்க விடைபெற்றார். பிறகு மைக் பெரியவரிடம் போனது. "நான் இன்னும் ஒரு வருஷம் மட்டும் ஓட்டிப் பாக்கறேன்" என்றார் அவர். அந்த ஒரு வருஷம் இருபத்திரண்டு வருஷமாக நீண்டுகொண்டிருந்தது.

முதல் பதினோரு வருஷம் பெரியவர் எதையும் வெல்லவில்லை. தம்பி நிம்மதியாகத் தூங்கினார். பிறகு வேறு வேலை எதுவும் சரிப்பட்டு வராமல் அதே அணியில் டயர்க்காரராகச் சேர்ந்தார். அவர் கை பட்ட முதல் பந்தயத்திலேயே ஐம்பது வயதுப் பெரியவர் ஜெயித்தார். அது என் இடமாச்சே என்று பந்தயத் தடத்துச் சுவரோரம் நின்று தம்பி வயிறெரிய எரிய, டயர்கள் தேய மறுத்தன. காய்ச்சலில் அவர் படுத்த வாரம் பெரியவர் ஒன்பதாவதாக வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் அவர் மிதந்த ஞாயிற்றுக்கிழமை, டயர்கள் எல்லாருடையதையும் போல நைந்து வந்தன. அணி மேலாளர் கெட்டிக்காரர். மறுநாளே டயர்க்காரரின் நாற்காலியைப் பெரியவரின் ஆளுயரப் படத்துக்கு எதிரே நகர்த்திப் போட்டார்.

அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கணவரை முழுசாக வீட்டில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

"டேய், நீ பொறாமைப்படறத நிறுத்து. அவர் ரெண்டு தடவ தோத்தா தானா வீட்டுக்கு வந்துடுவார்."

"எனக்கென்ன பொறாமை?" என்றார் தம்பி. ஆனால் யோசித்தார். பெரியவர் தோற்பதைப் பார்க்க வேண்டுமானால், அவர் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைக்க வேண்டும். இப்படியொரு இக்கட்டு எந்தப் பொறாமைக்காரருக்கும் வந்திருக்காது. ஒரு வாழ்த்து அட்டைகூட வாங்கினார். கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கையில் தம்பி அக்கா வீட்டுக்குப் போனார். பெரியவர் ஜன்னலோரம் சட்டைப் பித்தானோடு போராடிக்கொண்டிருந்தார். பித்தான் துளையை விட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். கழுத்துப் பித்தானுக்கு வருவதற்குள் பதினோரு வருஷத்து எரிச்சல் அவரை விட்டுப் போயிருந்தது.

அந்தப் பந்தயத்தில் இருபதாவது சுற்றிலேயே டயர்கள் தேயத் தொடங்கின. முப்பதாவது சுற்றில் ரப்பர் கரைந்து உள்நூல் தெரிந்தது. இன்னும் ஆறு சுற்று இருந்தது, பெரியவர் முதலிடத்தில் இருந்தார். அந்த வேகத்தில் டயர் வெடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். தம்பி ரேடியோவைப் பிடித்தார்.

"மாமா, டயர் போச்சு. உள்ள வந்துடுங்க."

"மாப்ள, நீ இந்த சீட்ல இருந்தா வருவியா?"

வருவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். மனசோ அதற்குள் அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டது. வார் தோளை அழுத்துகிறது, முன்னால் ஒரு கார்கூட இல்லை, வளைவு கைக்கு அடங்கி வருகிறது.

"மாட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பழைய பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், அறுபத்தொரு வயசில் அங்கே இருக்கிறார், நான் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். திரையில் டயர்கள் ரொட்டி மாவைப் போல மெல்ல உப்பின. ஆறு சுற்று கழித்துப் பதினெட்டாவது கோப்பை வந்தது.

அக்கா போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "உன்னால நிறுத்தவே முடியாதாடா?"

"முடியலக்கா. அவரப் பாத்தா இன்னும் எரியுது." தனக்குப் பொறாமை என்று அவர் தம் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி, எரியட்டும். ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றாள் அக்கா.

அடுத்த ஆண்டு முதல், ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு மணி நேரம் முன்பு அவள் தம்பியைப் போனில் கூப்பிட்டு, தன் கணவரை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவதைப் பற்றி விடாமல் கால் மணி நேரம் சொன்னாள். பிறகு கதவைத் தாழிட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் பயமில்லாமல் உட்கார்ந்தாள்.