எட்டை இரண்டாக்கச் சொன்னவர்

1979. மாமல்லபுரம் அருகே ஒரு கடலாய்வு நிலையத்தில் வச்சலா புரோகிராமர். கம்ப்யூட்டர் அச்சடித்த விடைகளைப் பார்த்துப் பார்த்து அறிக்கைக்காக மறுபடி டைப் அடித்துச் சலித்தவள், கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளையின் விடை, திரையிலேயே எழுத்தைத் திருத்த உதவும் எடிட்டர் புரோகிராமுக்குள் நேராக வந்து விழும்படி செய்தாள். இனி தலைப்பையும் விளக்கத்தையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம்.

அதிகாரி ஞானதாஸ் பார்த்து மகிழ்ந்தார். "ரொம்ப வசதியாப் போச்சு! பக்கத்து மீனவக் குப்பத்துல வருஷத்துக்கு எட்டடி கரை அரிக்கும்னு வந்திருக்கே, அத ரெண்டுன்னு மாத்திடு. இல்லேன்னா தடுப்புச் சுவர் கேட்டு பேஜாரு பண்ணுவாங்க."

வச்சலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தலைப்பத் திருத்தத்தான் சார் இதச் செஞ்சேன். அந்தக் குப்பத்துலதான் எங்க வூடு கீது. இல்லாட்டியும் மாத்த மாட்டேன்."

எட்டு என்றே அச்சடித்து இயக்குநரிடம் நேரில் கொடுத்தாள். சுவருக்கு அனுமதி கிடைத்தது. ஞானதாஸ் அதன்பின் அவளிடம் பேசவில்லை. அவளுக்கும் கோபம் தணிய மாதக்கணக்கானது.