ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டும்மா

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் வந்து "என்னம்மா இவ்வளவு காரம்?" என்று கேட்காதீர்கள். என் ஓரகத்தி பேகாயிமின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது. அதற்காக எனக்கு ஆத்திரமில்லை. சுற்றுகிற சாமான் என்றைக்காவது நிற்கத்தான் செய்யும். கெட்ட பிறகு எங்கள் வீட்டில் அதற்கு நடந்த மரியாதை இருக்கிறதே, அதுதான்

இல்லை. இப்படித் தொடங்கினால் வாயாடி என்று பக்கத்தை மூடிவிடுவீர்கள். கொஞ்சம் இலக்கியமாகத் தொடங்கிப் பார்க்கிறேன்.

2

"ஓஷ் நகரத்தின் மேல் பனி மெல்லப் பொழிந்துகொண்டிருந்த அந்தக் காலையில், தையல் கூடத்தின் கதவைத் திறந்த பேகாயிமுக்குத் தெரியாது, தன் வாழ்க்கை இனி ஒருபோதும்

(நிறுத்திவிட்டேன். அன்று ஊரில் பனி இல்லை, சேறுதான். பனி பெய்தது வடக்கே கணவாயில். அது பின்னால் வரும். "இனி ஒருபோதும்" என்று எழுதுகிற கையை ஒரு தட்டு தட்ட வேண்டும்.)

3

நேராகவே சொல்கிறேன். மருத்துவம் படிக்கக் கிர்கிஸ் நாட்டில் இருக்கிற இந்த ஊருக்கு வந்து, பட்டத்தோடு ஒரு கணவனையும் வாங்கிக்கொண்டு தங்கிவிட்டவள் நான். கணவர் எர்மெக். அவருடைய தம்பி ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறார்; தம்பி மனைவிதான் பேகாயிம். வீட்டின் பின்கட்டில் அவள் தையல் கூடம் நடத்துகிறாள். அவள் பேசுவது கிர்கிஸ் மொழி. இத்தனை வருஷத்தில் அது என் காதில் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

தொழிற்சாலைக்காரர்கள் நான்கு அளவில் உலகத்தையே தைத்து முடித்துவிடுவார்கள். பேகாயிம் ஆளுக்கு ஆள் துணி வெட்டுகிற பேட்டர்ன் வரைவாள். ஒரு தோள் இறங்கிய பெண்ணுக்கு அந்தத் தோள் தெரியாத கோட்டு. புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்த டீச்சருக்கு, வகுப்பில் நிமிர்ந்து நிற்க ஒரு சட்டை. பிள்ளை பெற்றால் இடுப்பு மாறும். இவள் பழைய பேட்டர்னைத் திறந்து திருத்திவைப்பாள். பதினோரு வருஷமாக இந்த ஊர்ப் பெண்களின் உடம்பு அந்த டிஸ்க்கில் இருந்தது. எல்லாவற்றையும் திரையிலேயே வரைந்தாள், காகிதத்தில் ஒன்றும் கிடையாது.*

* "காப்பி எடுத்து வைக்கலையா?" என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள், கேட்காதவர் யாரும் இல்லை. எடுத்து வைத்திருந்தாள், ஒரு பென் டிரைவில். என் அருமைக் கணவர் காரில் பாட்டுப் போடுவதற்காக அதைக் காலி செய்துவிட்டார். பாட்டெல்லாம் இன்னும் நன்றாகவே பாடுகிறது.

4

இங்கே ஒரு பாத்திரம் நுழைய வேண்டும். அவர் பெயரை நான் சொல்லக் கூடாது.

மாமனாரின் அண்ணன் அவர். புருஷன் வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் உச்சரிப்பது இந்த ஊரில் வழக்கமில்லை. அதோடும் போகாது. அவர் பெயருக்குள் வாரத்தின் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறது. எனவே அந்த நாளையும் நாங்கள் சொல்வதில்லை. "வியாழனுக்கு மறுநாள்" என்போம். என் கிளினிக்கில்கூட நோயாளிகளை வியாழனுக்கு மறுநாள் வரச் சொல்லி, அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்திருக்கிறார்கள். ஆகவே கதையில் அவர் "பெரிய மாமா". இதற்குத் தமிழ் வாசகர்கள் சிரிக்க வேண்டாம். புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லவைத்த பரம்பரைதான் நாமும்.

5

திங்கட்கிழமை பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டக் என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே நின்றது. பேகாயிம் தலைநகர் பிஷ்கெக்கில் இப்படிப்பட்ட டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"திரும்பப் போட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

"இனி தொடாதீங்க. போடப் போட உள்ள தகடு கீறும், கீறினது வராது. பெட்டியோட அனுப்புங்க."

பிஷ்கெக் போகிற வழியில் கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. பஸ்ஸிலோ பார்சலிலோ அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த லாரிக்காரர் அப்தில்தா, வழி திறந்தால் வியாழனுக்கு மறுநாள் கிளம்புவதாகச் சொன்னார். அதுவரை பெட்டியைச் சும்மா வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொருளைச் சும்மா வைத்திருப்பது என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்தேன்.

வந்தார்கள். யாருக்காவது கெட்டது நடந்தால் வீட்டுக்கு வந்து மனசு ஆறச் சொல்லிவிட்டுப் போவது இங்கே முறை. டிஸ்க்குக்கும் கேதம் விசாரிக்க வந்தார்கள்! ரொட்டியோடு வந்தார்கள், திராட்சையோடு வந்தார்கள். சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டே இருந்தேன், பாதிப் பாதிக் கிண்ணமாக. மரியாதை என்றால் பாதிக் கிண்ணம்தான். "இரு, இன்னும் ஊற்றுகிறேன்" என்று பொருள். விளிம்புவரை ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று பொருள். நான் யாருக்கும் விளிம்புவரை ஊற்றவில்லை.

அத்தனை பேர் நடுவிலும் பெரிய மாமா விரிப்பின் தலைமாட்டில், பெரியவருக்கான இடத்தில் இருந்தார்.

"என்னதான் சத்தம் வருதுன்னு நானும் கேக்கணுமே. ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டும்மா."

"போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மாமா," என்றாள் பேகாயிம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பிஷ்கெக்காரனுக்கு என்ன தெரியும்? நாப்பது வருஷம் டிராக்டர் ஷெட்ல இருந்தவன் நான். குளிர்ல இஞ்சின் இப்பிடித்தான் அடம்பிடிக்கும். விடாம சுத்தணும், மூணாவதோ நாலாவதோ சுத்துல தன்னால பிடிச்சிக்கும்."

போட்டார். டிக், டிக், டக்.

"ஆமா, டக்குனுதான் வருது," என்றார் வந்திருந்த ஒருவர், திருப்தியாக.

பிறகு வந்தவர் அதைக் கேட்கவில்லையாம். அவருக்கும் ஒரு தடவை. மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள்: நோயாளி அசையக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் அவனை எழுப்பி உட்காரவைத்து "என்னைத் தெரியுதா?" என்று கேட்பார். அங்கே நான் சத்தம் போட்டு விரட்டுவேன். வீட்டில் டீ ஊற்றினேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒருவர் ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்றார். ஃப்ரீசர் முழுக்கக் குளிர்காலத்துக் குதிரைக் கறி. கறிதான் டிஸ்க்கைக் காப்பாற்றியது. மாமியார் திருஷ்டி கழிய ஜூனிப்பர் மரக் கிளையைக் கொளுத்திப் பெட்டியைச் சுற்றிப் புகை காட்டினார். அந்த வாரம் நடந்த வைத்தியத்தில் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான்.

6

பெரிய மாமாவை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். முயன்றும் பார்த்தேன். "அவருடைய மகளும் அதே தெருவில் ஒரு தையல் கடை

கடை இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். பேகாயிமுக்கு முதல் தையல் மெஷின் வாங்கத் தன் பசுவை விற்றவர் அவர். அவள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு பஜாரில் தேவையில்லாமல் இரண்டு சுற்று நடப்பார். பெட்டியில் சத்தம் வந்தபோது அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் கை வைத்தால் கையைத் தட்டிவிடலாம். பாசத்தோடு வருகிற கையை என்ன செய்வது? அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சொல்லும் கிடையாது. மருமகள் வாயிலிருந்து வருகிற "வேண்டாம்" யார் காதிலும் ஏறுவதில்லை. "அவளுக்கென்ன, துணிதானே தைக்கிறாள், திரும்ப வரைந்துகொள்வாள்" என்று இவர்கள் எல்லோரும் மனதுக்குள் நினைத்ததும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் ஆண்பிள்ளை ஒருவனின் பட்டப்படிப்பு இருந்திருந்தால் கூடத்தையே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார்கள்.

7

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். பெட்டியின் மின் கம்பியைப் பிடுங்கி மாவு மூட்டைக்குள் புதைத்துவிட்டேன்.

பெரிய மாமா வந்தார், பார்த்தார். "கம்பி எங்கேம்மா?"

"தெரியலையே மாமா."

"அதுக்கென்ன இப்ப," என்று எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். கையில் மூன்று கம்பிகளோடு வந்தார். கேட்டதும் ஓடிவந்து கொடுக்கிற ஊர் இது.

டிக் என்ற சத்தம் அன்றைக்கு இல்லை. வேறு ஒன்று வந்தது, ஊசி உடைந்த பிறகும் மெஷினை மிதித்தால் வருமே, அது மாதிரி. பேகாயிம் காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்படியில் அவளிடம் நான் சண்டை போட்டேன். "நீ ஏன்டி வாயத் திறக்க மாட்டேங்கிற? உன் சொத்து!"

"நீங்க ஏன்க்கா திறக்கல?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பதிலை எனக்காகச் செருகலாம், கதைதானே. செருகவில்லை.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பிஷ்கெக்காரர் எல்லாவற்றையும் மீட்டுக் கொடுக்கிறார், பெரிய மாமா விரலை அசைத்து "நான் சொல்லல?" என்கிறார். இதை எழுதினால் நான் என்னையே மன்னிக்க மாட்டேன்.

இன்னொன்று: பாதிதான் வருகிறது. கைகள் வருகின்றன, காலர்கள் வருகின்றன, உடம்புப் பகுதி எதுவும் வரவில்லை. பேகாயிம் திரையில் நூற்றுக்கணக்கான கைகளைப் பார்த்துக்கொண்டு

இது அழகாக இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் நஷ்டத்தில் எனக்கென்ன அழகு வேண்டிக்கிடக்கிறது?

மூன்றாவது, ஒன்றுமே வரவில்லை. அதை எழுத உட்கார்ந்தேன். அந்த டீச்சரின் சட்டை ஞாபகம் வந்தது. எழுந்துவிட்டேன்.

9

நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழனுக்கு மறுநாள் காலை, வழி திறந்துவிட்டது என்று அப்தில்தா லாரியோடு வந்தார். வாசலோடு பெட்டியைக் கொடுத்து அனுப்ப முடியுமா? முடியாது. வந்தவர் விருந்தாளி. விரிப்பு போட்டோம், டீ ஊற்றினேன். வழியனுப்பப் பெரிய மாமாவும் வந்துவிட்டார். கம்பளியில் சுற்றிக் கட்டிய பெட்டி நடுவில் இருந்தது.

அப்தில்தா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "என்னத்தங்க இவ்ளோ பத்திரமா கட்டி வெச்சிருக்கீங்க? உள்ள என்னதான் இருக்கு?"

"கெட்டுப்போன கம்ப்யூட்டர். சத்தம் கேட்டா நீயே அசந்துடுவ," என்றார் பெரிய மாமா. முடிச்சை அவிழ்த்தார். மடியிலிருந்து கம்பியை எடுத்துச் சொருகினார். "சுமந்துட்டுப் போறவன் தெரிஞ்சிக்க வேணாமா? ஒரே ஒரு தடவை."

விரல் பொத்தானுக்குப் போனது.

"ஜுமாபெக்."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் குரலில் பெரிய மாமாவின் பெயரும், அதற்குள் இருக்கிற 'ஜுமா' என்ற நாளும் அதுவரை கேட்டதில்லை. பேகாயிம் எழுந்து நின்றிருந்தாள். கத்தவில்லை, "நீங்க"வையும் விடவில்லை.

"ஜுமாபெக். கைய எடுங்க. அது என்னோடது."

மாமியார் வாயில் கையை வைத்தார். அப்தில்தா ரொட்டியைக் கீழே வைத்தார். பெரிய மாமாவின் விரல் சூடு பட்ட மாதிரி பின்வாங்கியது. தன் பெயரை யாரோ திருடிக்கொண்டது போல அவளைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகான ஆசியைக்கூடச் சொல்லாமல் வெளியே போனார். அவள் தைத்த கோட்டுதான் முதுகில் இருந்தது, ஒரு மடிப்பு இல்லாமல்.

நான் பெட்டியைத் திரும்பக் கட்டினேன். லாரி கிளம்பியது.

சாயங்காலம் எர்மெக் என்னிடம் எகிறினார். "அவர் பேரச் சொல்லலாமா? எங்க அப்பாவுக்கே அண்ணன்!"

"பாட்டு கேக்கறீங்களா? பென் டிரைவ் இருக்கு," என்றேன். போய்ப் படுத்துவிட்டார்.

10

இப்போதைய நிலைமை: பெட்டி பிஷ்கெக்கில் இருக்கிறது. அந்த ஆள் பேகாயிமிடம் போனில் சொன்னார்: "இன்னும் ஒரு தடவை சுத்தும்னு நினைக்கிறேன். அதுல வர்றதுதான். போடவா?"

"நான் சொல்றப்ப போடுங்க," என்றாள். இன்னும் சொல்லவில்லை.

பெரிய மாமா எங்கள் வாசலை மிதிப்பதில்லை. மற்ற எல்லோரும் தினமும் கேட்கிறார்கள், என்ன ஆச்சு, போடச் சொல்லேன், என்று. இதற்கிடையே கேதம் விசாரிக்க வராத ஒரு கூட்டம் பின்கட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறது. அந்த டீச்சர்தான் முதலில் வந்தாள். எதுவும் விசாரிக்கவில்லை, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள், அளவு எடுக்கட்டும் என்று. பேகாயிம் டேப்பை எடுத்தாள். மறுநாள் தோள் இறங்கியவள் வந்தாள். எத்தனை பேர் வருவார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், செத்துப்போனவர்கள் அளவுக்கு என்ன செய்வது, எனக்குத் தெரியாது.

இந்தக் கதையை எத்தனை தடவை திறந்து திறந்து தொடங்கினேன் என்று பார்த்தீர்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று கீறிப்போனது. முதல் தொடக்கத்தில் பேகாயிம் சிரித்த ஒரு இடம் இருந்தது, இப்போது தேடினால் கிடைக்கவில்லை. இதற்கு மேல் திறக்க மாட்டேன்.

அந்தக் கடைசிச் சுற்றில் என்ன வரும், வருமா வராதா? உங்கள் வாயில் அந்தக் கேள்வி நிற்பது தெரிகிறது. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள், பாசத்தோடுதான். ஜுமாபெக்கும் அப்படித்தான் கேட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்றே எழுதிவிட்டேன். இதோ, உங்கள் கிண்ணத்தில் டீயை விளிம்புவரை ஊற்றியிருக்கிறேன்.