கரி ஏறிய பாதி

பிரபாகரைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருமுனை திரும்பியதுமே பெண்கள் குடத்தை எடுத்துவிட்டார்கள். பிணம் போன வீட்டைக் கழுவிவிடாமல் இருக்க முடியுமா? அவன் மனைவி கோகிலாவை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு அறையில் தண்ணீரை அடித்து ஊற்றினார்கள். அழுது அழுது அவளுக்கு உடம்பே அசந்துபோயிருந்தது. யாராவது ஒரு தலையணை கொடுத்திருந்தால் அங்கேயே சுருண்டு படுத்திருப்பாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே நேற்று அவன் சொன்ன கடைசிப் பேச்சு.

"கவிப்பிரியா வந்தா அந்த ஊசிங்கள குடுத்துரு."

ஊசி என்றால் கண்ணாடி ஊசி. நடுவே தடுப்பு வைத்த குழாயைச் சூடாக்கி இழுத்தால் முனை மயிரைவிட மெலிந்துவிடும். ஒரு பாதிக்குள் கேஸை விட்டு வெளியே தீ காட்டினால் உள்ளே கரி படியும். மறு பாதி உப்புத்தண்ணீருக்கு. அதற்கென்றே உள்ள மைக்ராஸ்கோப்பில் மாட்டினால், உயிருள்ள செல்லின் மேடுபள்ளத்தை உப்புத்தண்ணீர்ப் பாதி தொடாமலே காட்டிக்கொடுக்கும். அது கக்குகிற ரசாயனத்தைக் கரிப் பாதி மோப்பம் பிடிக்கும். வெளிநாட்டு ஊசி வாங்க அவனுடைய காலேஜுக்குக் கட்டுப்படியாகாது. வருஷக்கணக்கில் பின்னறையே கதியென்று கிடந்து, லைட்டருக்கு அடைக்கும் கேஸை வைத்தே செய்து காட்டினான் மனுஷன். அடுத்த வாரம் பெங்களூரில் அந்த மைக்ராஸ்கோப் சோதனை செய்து பார்க்கக் கிடைக்கிறது. ஊசிகளை அவனுடைய மாணவி கவிப்பிரியா கொண்டுபோக வேண்டும்.

அவள் வந்து வாசலில் நின்றாள். ஊசியைக் கேட்க வாய் வருமா? கோகிலாவே எழுந்து அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்குள் கண்ணாடி ஊசிகள் பளபளவென்று நின்றன. பக்கத்தில் பிரபாகரின் அக்கா ராணியம்மாள், கையில் தேங்காய் நாரோடு.

"எல்லாம் கரி புடிச்சுக் கெடந்துச்சு கோகிலா. எந்தம்பி சாமான் அழுக்கா கெடக்கலாமா? மொனையெல்லாம் தேச்சு எடுத்துட்டேன்."

கரி படிந்த முனை ஒன்றுகூட ஒடியாமல் மிஞ்சவில்லை. அடிப்பாவி என்ற கத்தல் கோகிலாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் ராணியம்மாளின் விரல்களைப் பார்த்தாள். கண்ணாடி கீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை.

கோகிலா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கரிதான் அண்ணி அவரு செஞ்சது."

ராணியம்மாள் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. "ஐயோ சாமி, நான் என்ன பண்ணிட்டேன்!"

கவிப்பிரியா மெதுவாகச் சொன்னாள். "அலமாரில கரி ஏத்தாத ஊசி இருக்குதுங்க அக்கா. சார் பண்றப்ப கூடவே இருந்திருக்கேன், நானே ஏத்திருவேன். ஆனா தீ வேணுமுங்க..."

துக்க வீட்டில் தீ மூட்டுவதாவது! காலையில் டீ வைக்க அடுப்பைத் தொட்ட பக்கத்து வீட்டுக்காரியை விரட்டியடித்ததே ராணியம்மாள்தான்.

ராணியம்மாள் கூடத்துக்குப் போனாள். தம்பியைக் கிடத்தியிருந்த இடத்தில் எரிந்த விளக்கில் ஒரு குச்சியைப் பற்றவைத்து, கையால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா பாப்பா, பத்த வெச்சுக்கோ."

கண்ணாடியின் ஒரு பாதி மெல்லக் கறுத்தது. கவிப்பிரியா ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ராணியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் தள்ளி நின்றாள்.