பின்னாடி பாத்துக்கலாம்

பாஸ்கல் இருபத்திரண்டு வருடம் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் இடது கண் பார்வை போனதும், இனி லாரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மண்டியில் மூட்டை ஏற்றும் நாசர் அவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். வருகிற லாரிகளை ஒழுங்காக நிறுத்தவைத்து, சரக்கு ஏறுவதைக் கவனிக்க வேண்டும். பாஸ்கல் போகவில்லை. "அம்புட்டு உசரத்துல உக்காந்து ஓட்டுனவன், கீழ இறங்கி நிக்கணுமா?" என்று மனைவி அறிவுச்செல்வியிடம் கேட்டார். இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தார்.

பார்க்க வந்தவர்கள், "முன்னாடி என்னன்னு பாருங்க" என்றார்கள். முன்னால் ரோடே முடிந்துபோனது போலிருந்தது அவருக்கு. அறிவுச்செல்வி மட்டும், "பின்னாடி பாத்துக்கலாங்க" என்பாள்.

ஒருநாள் எரிந்து விழுந்தார். "பின்னாடி என்னடி இருக்கு? தாண்டி வந்த ரோடுதான இருக்கு!"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வரப்போற நாளத்தானுங்க பின்னாடிங்கிறோம். நீங்க மண்டிக்குள்ள ரிவர்ஸ் எடுக்கையில பின்னாடி இருக்கிறது அத்தனையும் தெரிஞ்சா எடுத்தீங்க? நாசரண்ணன் 'வா, வா'ன்னு கத்துவாரு. அந்தக் குரலை நம்பித்தான எடுத்தீங்க?"

பாஸ்கலுக்கு ஒரு மழைநாள் நினைவுக்கு வந்தது. அவர் ரிவர்ஸ் எடுத்தபோது, சிந்திய வெங்காயம் பொறுக்க ஒரு பெண் பின்சக்கரத்தடியில் குனிந்திருந்தாள். நாசர் லாரியின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்து நிறுத்தினார். அன்றைக்கு நாசருக்கு பாஸ்கல் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

மறுநாள் காலை மண்டிக்குப் போனார். பாலக்காட்டு லாரி ஒன்று சந்துக்குள் திரும்ப முடியாமல் திணறியது. பாஸ்கல் அதன் பின்னால் போய் நின்றார்.

"வா... வா... வலது ஒடி... போதும்!"

டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டான். கீழே நிற்கிறோமே என்ற கூச்சம் பாஸ்கலுக்கு வரவில்லை. நேராக நாசரிடம் போனார்.

"பாய், அன்னைக்கு அந்தப் பொம்பளையக் காப்பாத்துனீங்க. என்னையும் காப்பாத்துனீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல."

நாசர் தோள் துண்டை உதறினார். "அதுக்கு இப்ப என்ன? தக்காளி ஏறுது. பெட்டி நசுங்காமப் பாத்துக்க, போ."

பாஸ்கல் தலையை ஆட்டிவிட்டு, பெட்டிகள் ஏறும் இடத்துக்கு நடந்தார்.