ஒரு மூடி எண்ணெய்

"வாப்பா, இஞ்சினுக்கும் தாகம் எடுக்குமா?"

றிகாஸ் இதைக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயதிருக்கும். வள்ளத்தின் பின்பக்கம், தகப்பனின் முழங்காலைப் பிடித்தபடி நின்றான்.

"எடுக்கும் மகன். எண்ணெய் காணாட்டி நடுக்கடல்ல செத்துப் போயிரும்," என்றார் கலீலுர் றஹ்மான்.

வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், வெள்ளைத் துணி சுற்றிய உடலுக்குப் பக்கத்தில் இருந்த குணரத்தினத்தின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. அது அவருடைய அம்மாவின் உடல். கட்டைபறிச்சானில் மகள் வீட்டில் கண்ணை மூடியவர். பாலங்கள் வராத காலம். திருகோணமலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற லோஞ்சும் பழுதாகி நின்ற நாள். பிணம் ஏற்றிய வள்ளத்தில் மீன் ஏறாது என்று கரையில் ஒரு கதை உண்டு. அதனால் ஒருவரும் வள்ளத்தைத் தரவில்லை. மூதூருக்கு வந்துவிட்டுக் கிண்ணியாவுக்குத் திரும்ப நின்ற இந்த மனிதர்தான் "ஏத்துங்க" என்றார். திருகோணமலையில் இறங்கியதும் குணரத்தினம் கூலியை நீட்டினார். அவர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"மையத்துக்குக் கூலி எடுக்கிறல்ல, தம்பி."

அந்தப் பிள்ளை வளர்ந்து இளைஞனாகி, போன மாரிக்கு முன் இறந்துபோனான். குச்சவெளிப் பக்கத்து மணல்வெளியில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிள் ஓடப் போனவன். மேடு பள்ளம் பாய்வதற்கென்றே செய்த, பெற்றோலோடு எண்ணெயும் கலந்து ஊற்றவேண்டிய டூ-ஸ்ட்ரோக் வண்டி. முழு வேகத்தில் போகும்போது இஞ்சின் இறுகிப் பின்சில்லு நின்றது. அவன் தலைகீழாகப் போனான்.

மாரி கழிந்து ஒரு பின்னேரம், தகப்பன் கலீல் நானா அந்த வண்டியைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு திருகோணமலையில் இருந்த குணரத்தினத்தின் கராஜுக்கு வந்தார்.

"இறுகின இஞ்சின் ஆறினாப் பிறகு விட்டிட்டு. ஸ்டார்ட் ஆகுது தம்பி. கொஞ்ச நேரம் இருமிப்போட்டு அணையுது. எத்தினை ப்ளக் மாத்திப் போட்டும் சரிவரல்ல. மகன்ட கூட்டாளி இஹ்ஸானுக்குக் குடுக்கப் போறன். அதுக்கு முதல் பாத்துத் தாங்க."

குணரத்தினம் ப்ளக்கைக் கழற்றினார். "இதென்ன நானா, ப்ளக்கா, மை கக்கின கணவாயா?"

கலீல் நானா சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் அசைந்தது.

நுனி முழுக்க ஈரக் கரி. குணரத்தினம் அதை விரலிடையில் தேய்த்தார். பெற்றோல் கூடி வருகிற கரி தூளாக உதிரும். இது பிசுபிசுத்து ஒட்டியது. எண்ணெய்க் கரி.

"பெற்றோலுக்கு எவ்வளவு எண்ணெய் கலக்கிறீங்க?"

"வள்ளத்துக்குப் போடுற மாதிரித்தான். கொஞ்சம் கூட."

"மகனும் அப்படியா?"

"அவன் அளந்துதான் ஊத்துவான். 'வாப்பா, இதில மீனுக்குப் போகல்ல' எண்டு எனக்குப் பகிடி." கலீல் நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் சுபஹ் தொழுதிட்டு வந்து, அவன் எழும்ப முதல் தாங்கிக்குள்ள ஒரு மூடி ஊத்துவன். அவனுக்குத் தெரியாது. எண்ணெய் மிஞ்சினா புகைதான் வரும். குறைஞ்சா இஞ்சின் போயிரும். கடலுக்குப் போறவனுக்கு அது தெரியும்."

பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார்.

"விழுந்ததுக்கு முதல்நாள் ராவு அவன் இஹ்ஸான் வீட்டில படுத்தவன். காலையில மகனே புதுசாக் கலந்து ஊத்தினவனாம். அண்டைக்கு மட்டும் நான் ஊத்தல்ல. எண்ணெய் காணாமத்தான் இறுகினதா, தம்பி? நான் நித்திரை கொண்டு கனநாள். திறந்து பாத்து உள்ளதைச் சொல்லுங்க."

பள்ளியில் பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதிட்டு வாங்க, நானா," என்றார் குணரத்தினம்.

சைலன்சரைக் கழற்றி, புகை போகும் வழியால் லைற் அடித்துப் பார்த்தார். பிஸ்டனில் நெடுகக் கீறல். பிறகு காபரேட்டரைத் திறந்தார். பெற்றோலை அளந்து விடுகிற ஜெட், இருக்கவேண்டியதைவிட மிகச் சிறியது. சீற்றுக்குக் கீழே துணியில் முடிந்த இன்னும் சில ஜெட்டுகள் இருந்தன. ஒன்றைவிட ஒன்று சிறியவை. அவற்றில் எல்லாவற்றையும்விடப் பெரியது, வண்டியோடு வந்தது.

குணரத்தினம் அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக மேசையில் அடுக்கினார்.

ப்ளக் கறுக்கிறதைப் பிள்ளை பார்த்திருக்கிறான். எண்ணெய் தானே அளந்து ஊற்றியது; அதைச் சந்தேகிக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. பெற்றோல்தான் கூடுகிறதென்று ஜெட்டைச் சிறிதாக்கினான். மறுபடியும் கறுத்தது. இன்னும் சிறிதாக்கினான். பெற்றோல் காணாமல் கொதித்த இஞ்சினை, தகப்பன் ஊற்றிய மூடி எண்ணெய்தான் தாங்கிக்கொண்டு வந்தது. அது இல்லாத ஒரு நாள், இறுகிவிட்டது. ஊற்றிய எண்ணெயும் பிள்ளையைக் கொன்றது, ஊற்றாத எண்ணெயும் கொன்றது.

காலையில் திருநீறு பூசாமல் குணரத்தினம் கராஜைத் திறப்பதில்லை. பொய் சொல்லி ஒரு நட்டுக்கூட விற்றதில்லை. அம்மாவை ஏற்றிய பிறகு அந்த வள்ளத்தில் நெடுநாள் மீன் படவில்லை என்று ஊர் கதைத்தது அவருக்குத் தெரியும். கலீல் நானா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காசு வாங்காத மனிதருக்கு வேறெதைக் கொடுப்பது என்று தெரியாமலே வருடங்கள் போயிருந்தன.

கடவுளே, இதைச் சொல்லத்தான் வேணுமா என்று கேட்டார். பதில் வரவில்லை. கலீல் நானாதான் வந்தார்.

"எண்ணெயா, தம்பி?"

"இல்ல, நானா. மகன் கலந்த அளவு சரி. அந்த இஞ்சினுக்கு அது காணும்." இதுவரை உண்மை. "பெற்றோல் வாற துவாரம் சின்னனாப் போயிருந்தது. பெற்றோல் காணாமக் கொதிச்சிருக்கு." இதுவும் உண்மை.

"குச்சவெளி மணலா? மணல் அடைச்சதா?"

குணரத்தினம் அவருடைய கைகளைப் பார்த்தார். கயிறு இழுத்துக் காய்த்த கைகள்.

"ஓம்," என்றார்.

"அப்ப என்ட கையில ஒண்டும் இல்லியே?"

"உங்கட கையில ஒண்டும் இல்ல, நானா."

கலீல் நானா தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிள்ளைக்காக மட்டும் அழுகிற அழுகை அவருக்கு அன்றுதான் வந்தது. குணரத்தினம் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தார். நானாவுக்கு ஊற்றி வைத்த தேநீர் ஆறியது.

போக எழும்பியபோது, "ஒண்டு நானா," என்றார். "இஹ்ஸான்ட கைக்குப் போனாப் பிறகு எண்ணெயை அவன் மட்டும் கலக்கட்டும். ஓடுறவனுக்குத்தான் அளவு தெரியும்."

"ஓம். இனி ஆருக்கு நான் ஊத்த?"

வண்டியை விட்டுவிட்டு லொறி போன பிறகு குணரத்தினம் கதவைச் சாத்தினார். தாங்கியை முழுக்க வடித்து, சரியான அளவில் எண்ணெய் கலந்த பெற்றோலை ஊற்றினார். பிஸ்டனை மாற்றி, வண்டியோடு வந்த பெரிய ஜெட்டைத் திரும்பப் போட்டு, புதுப் ப்ளக்கை இறுக்கினார். வண்டி ஒரே உதையில் பிடித்தது. இருமாமல் சீராக ஓடியது.

இஹ்ஸானும் ஜெட் மாற்றத் தெரிந்தவன். சிறிய ஜெட்டுகளைக் கண்டால், மணல் அடைக்கவில்லை என்று அவனுக்கு விளங்கிவிடும். விளங்கினால் ஒருநாள் கதை கிண்ணியாவுக்கு, கலீல் நானாவின் காதுக்குப் போகும். குணரத்தினம் அவற்றைக் கீறல் விழுந்த பிஸ்டனுக்குள் வைத்துத் துணியால் கட்டி, துறைமுகக் கரைக்கு நடந்தார். பொழுது சாய்ந்திருந்தது. வலைக்காரர் போய்விட்டார்கள். இறங்குதுறையின் கடைசிக் கல்லில் நின்று, பொட்டலத்தை ஆழத்துக்குள் விட்டார்.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று மனைவி கேட்டதற்கு, வேலை இருந்தது என்று மட்டும் சொன்னார்.