ஒரே குரல்

சவப்பெட்டி இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, அவள் இன்னும் அதற்குள் இல்லை. மூன்றாம் மாடியில் தன் கட்டிலிலேயே படுத்திருந்தாள்.

வண்டிக்காரரும் அவருடைய ஆளும் பெட்டியை அலமாரி மாதிரி நிமிர்த்தி ஒருவழியாக மேலே கொண்டுவந்தார்கள்.

"எறங்கும்போதும் இப்படித்தாங்க. நிமிர்த்தித்தான் ஆகணும்," என்றார் வண்டிக்காரர், மூச்சு வாங்க.

வாசலில் நின்ற அவள் கணவர் தலையை ஆட்டினார். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாதவர்.

"மூணு மாசமா வலியில நெளிஞ்சவ. இன்னைக்குத்தான் நிம்மதியா நீட்டிப் படுத்திருக்கா. நிக்க வெக்காதீங்க."

"அப்ப எப்படிங்க?"

அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

கூடத்தில் அவளோடு வேலை பார்த்த ஆறு பேர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றிருந்தார்கள். அணுவையும்விடச் சிறிய துகள்களைப் பார்க்க, பூமிக்கடியில் ஒரு கட்டடம் அளவுக்குக் கருவி கட்டியவர்கள். கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்: "உங்க வீட்டம்மா அங்க என்னதான் பண்றாங்க?"

"கண்ணுக்குத் தெரியாததைப் படம் புடிக்க கேமரா கட்டுறா."

"அப்ப என் மண்டையில முடி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லச் சொல்லுங்க," என்பார் ஒரு வழுக்கைத்தலைக்காரர்.

உண்மையில் அவள் எதையும் கண்டுபிடித்ததில்லை. ஒரு நாட்டில் செய்த கூடும் இன்னொரு நாட்டில் செய்த தாங்கியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் போன் அவளுக்கு வரும். அதுவும் சாப்பாட்டில் கை வைத்த நேரமாகப் பார்த்து.

நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடும் பொறியாளர் படிக்கட்டுக்குப் போனார். நல்ல சட்டையின் பையிலிருந்தும் அளவுநாடா வந்தது.

"படிக் கைப்பிடியைக் கழட்டினா நாலு விரல் இடம் கிடைக்கும்."

"அக்கா ரெண்டு விரல்லயே முடிச்சாங்க," என்றாள் கிரேன் ஓட்டும் பெண். "மொதல்ல வெறுங்கூடு."

அது அவளுடைய சட்டம். சுரங்கத்தில் கருவியின் நிஜத் துண்டை இறக்கும் முன் வெறுங்கூட்டை இறக்கிப் பார்க்க வேண்டும். கைப்பிடி கழன்றது. காலிப் பெட்டி படுத்தவாக்கில் கீழே போய், அப்படியே மேலே வந்தது. சுவரில் சுண்ணாம்புகூட உதிரவில்லை. வண்டிக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"யாருங்க இவங்கல்லாம்?"

"என் வீட்டுக்காரியோட ஆளுங்க," என்றார் கணவர். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

அவளைப் பெட்டியில் கிடத்தினார்கள். அவரும் குனிந்து ஒரு பிடியைப் பற்றினார். கிரேன்காரப் பெண் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க தூக்கக் கூடாது. குரல் குடுக்கணும்."

அதுவும் அவள் சட்டம்தான். இறக்கும்போது பேசுவது ஒரே குரல். அந்தக் குரலுக்குரியவர் எதையும் சுமக்கக் கூடாது.

"நான் முடி வெட்டுறவன்மா. எனக்கு என்ன தெரியும்?"

"போன மாசம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசித் துண்டு இறங்கிய அன்று, படுக்கையிலிருந்தபடி போன் திரையைப் பார்த்து அவள்தான் குரல் கொடுத்தாள். போனைப் பிடித்திருந்தது அவர். எறங்கட்டும், நில்லு, எறங்கட்டும். கடைசிச் சொல், 'விடலாம்'. அதுவரை அங்கே ஒருவரும் கையை எடுக்கவில்லை. "பாத்தீங்களா, எங்கயும் உரசல," என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

அவர் நாலு படி முன்னால் இறங்கி, மேலே பார்த்தபடி நின்றார்.

"எறங்கட்டும்."

கூடம், படிக்கட்டு, திறந்திருந்த வீடுகள் எல்லாம் அமைதியாயின. திருப்பம் வந்தது.

"நில்லு. பின்பக்கம் கொஞ்சம் தூக்கு. எறங்கட்டும்."

ஆறு பேரும் ஒரே உடம்பாக இறங்கினார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு எங்கேயும் அறுபடவில்லை.

தெருவில் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது; பின்கதவு திறந்திருந்தது. பெட்டி பலகைமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஆறு பேரின் கைகளும் அதன்மேலேயே இருந்தன.

இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. அவர் பெட்டியைப் பார்த்தார். வாய் திறந்தது, வரவில்லை.

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் கையை எடுக்கவுமில்லை.

வண்டிக்காரர் எட்டி, எஞ்சினை அணைத்தார்.