தரைப்பாலத்தில் எரிந்த பச்சை

1

இந்தக் கதை எப்படி என்னிடம் வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு கம்பெனி என்னிடம் வெற்றிக் கதை கேட்டது. கம்பம் பள்ளத்தாக்கு ஓடைகளில் நீர்மட்டத்தை ஆள் இல்லாமல் அளக்கும் நிலையங்களை அவர்கள் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி இரண்டு பக்கம், படங்களோடு. எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும் விட்டது. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: மேகமலையிலிருந்து வெள்ளிக்கொடி போல இறங்கும் அந்த ஓடை...

வெள்ளிக்கொடியாம், மண்ணாங்கட்டி. அந்த ஓடை ஒரு பெண்ணை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

2

மாரீஸ்வரியிலிருந்து தொடங்குகிறேன். ஆண்டிபட்டிக்காரி. வயது முப்பத்தொன்று. பைக்கின் பின்னால் பேட்டரியையும் ஸ்பேனர் பையையும் கட்டிக்கொண்டு நிலையம் நிலையமாகப் போகும் களப் பணியாளர்.

ஓடைக்கு மேலே கம்பத்தில் ஒரு சென்சார். கால்மணிக்கு ஒருமுறை தண்ணீரின் உயரத்தைப் பார்த்து, மலைமேல் உள்ள கோபுரத்துக்குக் கம்பியில்லாமல் அனுப்பும். துளி மின்சாரம் போதும், ஒரு பேட்டரி வருஷக்கணக்கில் ஓடும். மூன்று கிலோமீட்டர் கீழே தரைப்பாலத்தில் ஒரு விளக்கு. தண்ணீர் குறைவென்றால் பச்சை, ஏறினால் சிவப்பு.

(நல்ல கருவி. என் கோபம் கருவிமேல் இல்லை.)

செப்டம்பரில் ஒருநாள் மாரீஸ்வரி சோதித்துப் பார்க்க அந்தச் சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாலத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். நாலு மணி நேரம் ஆகியும் பச்சை அணையவில்லை. தகவல் வராவிட்டால், கடைசியாக வந்த அளவையே புதுசுபோலத் திரும்பத் திரும்பக் காட்டும்படி மென்பொருளை எழுதி வைத்திருந்தார்கள்.

மேலாளர் ஈஸ்வரபாண்டியிடம் போனாள்.

"டேட்டா வரலேன்னா செவப்பு எரியணும் சார். இப்ப ஒண்ணும் தெரியாமயே பச்சையக் காட்டுது."

"மழைல சிக்னல் விட்டு விட்டுத்தாம்மா வரும். அதுக்கெல்லாம் செவப்பு எரிஞ்சா திறப்பு விழா அன்னைக்கே மானம் போயிரும். பொறவு பாத்துக்கலாம்."

"பொறவுன்னா எப்ப சார்?"

"மெயில் போடு."

போட்டாள். மூன்று முறை.

3

ஈஸ்வரபாண்டியை இன்னும் கொஞ்சம் கெட்டவராக்கினால் உங்களுக்கு வசதியாக இருக்கும், எனக்கும்தான். முயன்றேன், ஒட்டவில்லை. மரியாதையான மனிதர், எனக்கு அவரே காபி வாங்கி வந்தார். கெட்டவராக வேண்டிய தேவையே அவருக்கு ஏற்படவில்லை. 'பொறவு' போதுமாக இருந்தது.

சரி, என்னை எழுதுகிறேன். திறப்பு விழாவில் வடை தின்றுகொண்டிருந்த என்னிடமும் மாரீஸ்வரி அந்த நாலு மணி நேரத்தைச் சொன்னாள். "இதையும் எழுதுங்கக்கா" என்றாள். தலையாட்டினேன். எழுதவில்லை. ஏனென்றால், கட்டுரையின் ஓட்டம்...

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை எழுதி அடித்தேன். முடியவில்லை.]

4

அக்டோபர் கடைசி. பிற்பகல் மூன்றரை. பவுனுவும் அவள் தம்பி மனைவி மகாலட்சுமியும் திராட்சைத் தோட்டத்து வேலை முடிந்து தரைப்பாலத்துக்கு வந்தார்கள். கீழே தூறல்தான், மலையில் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த நிலையத்திலிருந்து மதியம் ஒன்றே முக்காலோடு தகவல் நின்றுபோயிருந்தது.

மற்றதைப் பவுனுவே சொல்லட்டும். எனக்கு அதைச் சொல்ல வாயில்லை.

"கலங்கத் தண்ணி, கணுக்கால் ஒசரம் ஓடுச்சு. செத்த நிப்போம்டின்னேன். அவ லைட்டப் பாத்தா. 'பச்சதான மதினி எரியுது, வாங்க'ன்னு முன்னால போயிட்டா. பிள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்னு அவளுக்கு அவசரம். பாதிப் பாலம் போகையில மல மேல இருந்து ஒரே எரைச்சல். கைய நீட்டுனேன். சீல முந்திதேன் கையில பட்டுச்சு. வழுக்கிட்டுப் போயிருச்சு."

மறுநாள் காலை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாழைத்தோப்பில் மகாலட்சுமியை எடுத்தார்கள். பாலத்தில் அப்போதும் பச்சைதான்.

5

வேறு முடிவு எழுதிப் பார்க்காமல் இல்லை. மகாலட்சுமி ஒரு புங்கமரக் கிளையைப் பிடித்துக்கொள்கிறாள். தோட்டத்து ஆட்கள் கயிறு வீசுகிறார்கள். நன்றாகவே வந்திருந்தது. பவுனுவிடம் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தேன் இருக்கு. அவ மகன்ட்டப் போயி இதப் படிங்க, பாப்பம்" என்றாள்.

அடித்துவிட்டேன்.

நடந்தது இது: 'களப் பணியாளரின் பராமரிப்புக் குறைபாடு' என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. மாரீஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுடைய மூன்று மெயில்களும் கம்பெனி முகவரியில் இருந்தன. அன்றைக்கே அதை முடக்கினார்கள். நகல் எடுத்து வைக்க அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. தன் சொந்த ஆட்களிடமிருந்து தப்பிக்க நகல் எடுக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

எனக்கும் ஒரு மெயில் வந்தது. அடுத்த பதிப்பில் தரைப்பாலத்துப் படத்தை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். எழுத்தில் மாற்றம் எதுவும் தேவையில்லையாம்.

6

நேற்று மாரீஸ்வரி கூப்பிட்டாள்.

"செவ்வாக்கிழம கலெக்டர் ஆபீசுல விசாரணை வச்சிருக்காகக்கா. நான் முன்னமே சொன்னேன்னு சொல்ல வெளியாளு நீங்க ஒருத்தருதேன் இருக்கீக. வருவீகளா?"

"வர்றேன்" என்றேன்.

பக்கத்திலிருந்த பவுனு போனை வாங்கினாள். "வந்தா மட்டும் பத்தாது ஆத்தா. தெரிஞ்சும் ஏன் எழுதலன்னு நான் கேப்பேன். எல்லாரும் இருக்கையில கேப்பேன்."

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, தேனி. போகிறேன். அங்கே நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை இந்தக் கதையில் எழுதமாட்டேன். எழுதினால் என்னை நல்லவளாகத்தான் எழுதிக்கொள்வேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும் என்பதற்குத்தான் இரண்டு பக்கம் அச்சில் இருக்கிறதே.

பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். வாருங்கள். பவுனுவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும். நான் மழுப்பினால் எழுந்து நின்று கேளுங்கள்.